"இடையில் என்ன நடந்தது?" என்று சிவப்பு மையில் எழுதிவிட்டேன்: குடும்ப இடப்பெயர்வு பற்றிய ஒப்படை குறித்து ஆலோசனை வேண்டும்

தென்னோலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இலங்கையின் வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் சமூகவியல் கற்பிக்கிறேன். இரண்டாம் ஆண்டில் வாய்மொழி வரலாறு என்றோர் அலகு உண்டு. அதற்காக "எனது குடும்பத்தின் இடப்பெயர்வு" என்ற தலைப்பில் 1,500 சொற்களில் எழுதும் ஓர் ஒப்படையைப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறேன். மாணவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடமோ அம்மம்மா, அப்பப்பாவிடமோ பேசி, கேட்டதைப் பதிவுசெய்து, காலவரிசைப்படி எழுதித் தர வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் போரின் நடுவே 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறிய இரவைப் பற்றி எழுதுவார்கள். மழை, நாவற்குழிப் பாலத்தடியில் நகர முடியாமல் நின்ற சனம், சைக்கிளில் கட்டிய அரிசி மூட்டை எல்லாம் அதில் வரும். அந்தக் கதை வீடுகளில் நூறு தடவை சொல்லப்பட்டு, சொல்லிச் சொல்லியே ஒரு வடிவத்துக்கு வந்துவிட்ட கதை. ஆகையால் நல்ல ஒப்படைகள் கிடைத்தன. அவற்றைப் பற்றி எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

இம்முறை வன்னியைச் சேர்ந்த ஒரு மாணவியின் ஒப்படை வந்தது. முதற்பக்கம் ஒழுங்காக இருந்தது: ஊர், காணி, தகப்பனாரின் தொழில், 2008இன் பிற்பகுதியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டது. இரண்டாம் பக்கத்தில் வாக்கியங்கள் முறியத் தொடங்கின. புதுக்குடியிருப்பில் ஒரு மாமரத்தடி. அங்கே இருந்த பச்சை வாளி ஒன்றைப் பற்றி மட்டும் ஆறு வரிகள். அடுத்த பந்தியில் குடும்பம், இறுதிப் போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருக்கிறது. அந்த இரண்டு பந்திகளுக்கும் நடுவில் நான் "இடையில் என்ன நடந்தது? காலவரிசை தெளிவில்லை" என்று சிவப்பு மையால் எழுதி, 100க்கு 41 புள்ளிகள் இட்டு, மற்றவற்றோடு சேர்த்து வகுப்பில் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பின் அவர் மூன்று வாரங்களாக விரிவுரைக்கு வரவில்லை. அறைத் தோழியிடம் விசாரித்தபோதுதான் எனக்கு விடயம் தெரிந்தது. வார இறுதியில் வீட்டுக்குப் போய்த் தாயாரிடம் கேள்விகளைக் கேட்கத் தொடங்கியதும் தாயார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாராம். இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லையாம். அந்த மாமரத்துக்கும் முகாமுக்கும் இடையில் அந்த மாணவியின் தம்பி இல்லாமற் போயிருக்கிறான்.

இப்போது அவருடைய வரவு 80 வீதத்துக்குக் கீழே போய்விட்டதால் பரீட்சை எழுத முடியாத நிலையும் வந்திருக்கிறது. கடந்த ஆண்டு எங்களுக்கு மனவடு (கொடிய அனுபவம் மனதில் விட்டுச்செல்லும் காயம்) அறிந்த கற்பித்தல் பற்றி ஒரு செயலமர்வு நடந்தது. பாதுகாப்பு, நம்பகத்தன்மை, தெரிவு என்று திரையில் காட்டினார்கள், நானும் குறிப்பெடுத்தேன். 120 பேர் இருக்கும் மண்டபத்தில் அவற்றை வைத்து என்ன செய்வதென்று அன்றும் விளங்கவில்லை. இந்த ஒப்படையை முற்றாகக் கைவிட வேண்டுமா? அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது? வரவு விடயத்தில் யாராவது ஏதேனும் வழி கண்டிருக்கிறீர்களா?

வாவிக்கரை எழுதியது:

அன்புள்ள தென்னோலை, நான் மட்டக்களப்பில் உளசமூகப் பணியிலிருந்து கற்பித்தலுக்கு வந்தவள். சிவப்பு மையைவிட உங்கள் புள்ளித் திட்டம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. காலவரிசைத் தெளிவுக்கு எத்தனை புள்ளிகள் ஒதுக்கியிருக்கிறீர்கள்? உயிர்ப் பயத்தில் பதியும் நினைவு பெரும்பாலும் வரிசையாகப் பதிவதில்லை. ஒரு நிறம், ஒரு மணம், ஒரு சத்தம் அப்படியே நிற்கும். எதற்குப் பின் எது நடந்தது என்பது கலைந்துவிடும். அத்தோடு அவர் அப்போது ஆறு அல்லது ஏழு வயதுக் குழந்தை. முறிந்த நினைவு உள்ளவருக்குப் புள்ளி குறையும்படி ஒரு திட்டத்தை வைத்துவிட்டு, அவர் முறிந்தபடி எழுதியதற்காகப் புள்ளியைக் குறைத்திருக்கிறீர்கள். இதில் உங்கள் மனக்கடுமை எங்கும் இல்லை. திட்டம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

உங்கள் துறைக்குள்ளேயே இதற்குப் பதில் இருக்கிறது. இத்தாலியின் தெர்னி நகரில் 1949இல் கொல்லப்பட்ட உருக்காலைத் தொழிலாளி லூயிஜி திராஸ்துல்லியின் மரணத்தை, அந்நகரத் தொழிலாளர்கள் பலர் 1953இல் நடந்ததாக நினைவுகூர்ந்ததை வாய்மொழி வரலாற்றறிஞர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி ஆராய்ந்தார். திகதி பிழை என்று அவர் அவற்றைத் தள்ளிவிடவில்லை. ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று கேட்டார். வாய்மொழி வரலாற்றில் பிழையும் மௌனமும் சான்றுகள் என்பதை நீங்களே விரிவுரையில் சொல்லியிருப்பீர்கள். அப்படியானால் அந்தப் பச்சை வாளிதான் உங்களுக்குக் கிடைத்த சான்று. அந்த ஆறு வரிகளுக்கே அவர் நல்ல புள்ளி பெற்றிருக்க வேண்டும்.

இன்னொன்று. இதே தாய்மாரை உங்கள் சொந்த ஆய்வுக்காக நேர்கண்டிருந்தால், ஒழுக்கநெறிக் குழு உங்களிடம் எத்தனை கேள்வி கேட்டிருக்கும்? சம்மதம் எப்படிப் பெறுவீர்கள், இடையில் நிறுத்த விரும்பினால் என்ன செய்வீர்கள், ஒருவர் கலங்கினால் யாரிடம் அனுப்புவீர்கள் என்றெல்லாம் கேட்டிருக்கும். ஒப்படை என்ற பெயரில் பயிற்சி இல்லாத 120 பிள்ளைகளை அதே வேலைக்கு, அதுவும் சொந்தத் தாயிடம், ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். இதை நானும் செய்திருக்கிறேன். உங்களை மட்டும் சொல்லவில்லை.

செயலமர்வில் உங்களுக்குக் காட்டிய கோட்பாடுகளின் ஊற்று பல்கலைக்கழகம் அன்று. 2001இல் மக்சின் ஹரிஸ், ரொஜர் பலொட் ஆகிய உளவியலாளர் இருவரும் உளநலச் சேவை நிலையங்களை மனதில் வைத்து எழுதியது ஒரு தொடக்கம். பின்னர் 2014இல் அமெரிக்க அரசின் உளநலச் சேவை நிர்வாகம் அதை ஆறு கோட்பாடுகளாக வகுத்தது. அவற்றின் சாரத்தை ஒரே வரியில் சொல்வதானால், எதிரே இருப்பவர்களில் யார் காயப்பட்டவர் என்று தேடிப் பிடிக்காமலேயே, யாருக்கும் மறுபடி காயம் படாதபடி உங்கள் நடைமுறையை ஒழுங்குசெய்யுங்கள் என்பதுதான். எங்கள் மண்ணில் இது இன்னும் பொருந்தும். மனவடு தனியாளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் அவற்றின் நம்பிக்கை உறவுகளையும் குலைக்கிறது என்பதை யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் 2007இல் கூட்டு மனவடு பற்றிய கட்டுரையில் விரிவாக எழுதினார். உங்கள் ஒப்படை அந்தத் தாயாரின் அடுப்படி வரை போனதில் எனக்கு வியப்பில்லை. எங்கள் பிள்ளைகள் மனவடு என்ற சொல்லோடு வந்து நிற்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். தலையிடி என்பார்கள், நித்திரை இல்லை என்பார்கள், சும்மா ஒரு பெருமூச்சு விடுவார்கள்.

ஒப்படையைக் கைவிட வேண்டாம். சம மதிப்புள்ள வேறு தலைப்புகளையும் அதே தாளில் வையுங்கள்: ஊர்க் கிணறு, கூட்டுறவுச் சங்கம், பனங்கட்டி காய்ச்சிய குடும்பம், ஒரு கோயிற் திருவிழா. எதைத் தெரிந்தாலும் காரணம் கேட்கப்படாது என்று எல்லோருக்கும் சேர்த்து அறிவியுங்கள். காரணம் சொன்னால்தான் மாற்றுத் தலைப்பு என்றால், அந்தக் காரணத்தைச் சொல்வதே அவருக்கு இரண்டாவது ஒப்படையாகிவிடும்.

அந்தப் பிள்ளையைக் கண்டால் குறுகப் பேசுங்கள். "புள்ளித் திட்டம் பிழையாக இருந்தது, அது என் பிழை, உங்கள் ஒப்படையை மறுபடி பார்க்கிறேன், விரும்பினால் வேறு எழுதலாம்" என்பது போதும். தம்பியைப் பற்றி அறிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். அவர் உங்களுக்குச் சொல்லவில்லை. 2004 சுனாமிக்குப் பின் எங்கள் முகாம்களுக்கு வந்த குழுக்கள் சில, பிள்ளைகளிடம் தாளையும் வர்ணத்தையும் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். ஒரு குழு போக அடுத்த குழு வரும். "எத்தினை தரம் வரையிறது?" என்று ஒரு பெடியன் என்னைக் கேட்டான். நடந்ததைச் சொல்லும்படி ஒருவரை வற்புறுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பெடியன் அதை எங்களுக்கு முன்பே சொல்லிவிட்டான்.

பழைய பரீட்சகர் எழுதியது:

சகோதரி வாவிக்கரை சொன்னதில் புள்ளித் திட்டம் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இந்தத் திசையில் நாம் எவ்வளவு தூரம் போகப் போகிறோம் என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. கொடிய நிகழ்வுகளைக் கடந்தவர்களில் பெரும்பான்மையோருக்கு மனவடு நோய் ஏற்படுவதில்லை. வன்னியிலிருந்து வரும் ஒவ்வொரு பிள்ளையையும் விரிவுரையாளர் மெதுவான குரலில் அணுகத் தொடங்கினால், அதுவும் ஒரு முத்திரை குத்தல்தான். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மனதைக் கலக்கும் விடயம் வரப்போகிறது என்று பாடத்துக்கு முன் எச்சரிக்கை கொடுக்கும் வழக்கம் பரவியதே, அதன் பயன் என்ன? பிரிட்ஜ்லண்ட் முதலானோர் முன்னைய ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, எச்சரிக்கை கொடுப்பதால் பார்ப்பவரின் துயரம் குறையவில்லை; பார்ப்பதற்கு முந்திய பதற்றம்தான் கூடியது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கிணறும் பனங்கட்டியும் நல்ல தலைப்புகள்தாம். ஆயினும் பத்து ஆண்டுகளில் எல்லோரும் கிணற்றைப் பற்றி மட்டுமே எழுதும் நிலை வந்தால், 2009இன் இறுதிப் போரைப் பற்றிப் பல்கலைக்கழகமே வாயை மூடிக்கொண்டது போலாகாதா? 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது, உண்ணாவிரதம் இருந்து அதை மீளக் கட்ட வைத்தவர்கள் மாணவர்கள்தாம். நினைவுகூர வேண்டும் என்று அவர்களே கேட்கிறார்கள். நாம் அவர்களைக் காப்பதாக நினைத்துக்கொண்டு மறைக்கத் தொடங்கிவிடக் கூடாது.

வாவிக்கரை எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. எச்சரிக்கையால் துயரம் குறையாது என்பது சரி. நான் கேட்பது வேறொன்று: எந்தக் கிழமையில் எது வரும், எந்தப் படம் காட்டப்படும், எப்போது வெளியே போகலாம் என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். நேர அட்டவணை ஒட்டுவது போன்ற ஒரு காரியம் அது. ஒருமுறை நான் முன்னறிவிப்பின்றிப் போட்ட காணொளியில் உலங்குவானூர்திச் சத்தம் வந்தது. காட்சியில் இருந்தது வெறும் வெள்ள நிவாரணம். பின்வரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள். அன்றுமுதல் ஒலியையும் ஒருமுறை கேட்டுவிட்டே வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.

நினைவுத்தூபி எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கும் வலுச் சேர்க்கிறது. அங்கே நினைவுகூரலைத் தெரிவுசெய்தவர்கள் மாணவர்கள். நாளையும் இடத்தையும் கூட நிற்பவர்களையும் அவர்களே தெரிந்தார்கள். புள்ளிக்காகத் திங்கட்கிழமைக்கு முன் நினைவுகூர்ந்து முடி என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

கனகராயன் எழுதியது:

வணக்கம் மிஸ். நான் உங்கள் மாணவன் அல்லன்; வேறொரு பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து இப்போது ஆசிரியராக இருக்கிறேன். நானும் மெனிக் பாமில் இருந்தவன். என் அனுபவத்தைச் சொல்வது பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

விரிவுரைகளால் எனக்குப் பெரிய தொல்லை இருந்ததில்லை. தொல்லை முதல்நாளே படிவத்தில் தொடங்கியது. தந்தையின் பெயர், தொழில், வருமானம். இறந்திருப்பின் மரணச் சான்றிதழ் இணைக்கவும். என் தகப்பனார் 2009 மே மாதத்துக்குப் பின் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா இன்றுவரை மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டார். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்று ஒன்று வந்தது. அதை வைத்துக்கொண்டு போனேன். கருமபீடத்தில் இருந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அப்பா இருக்கிறாரா, இல்லையா? ரெண்டில ஒண்டைச் சொல்லும்" என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். அவர் கெட்டவர் அல்லர். படிவத்தில் இரண்டு பெட்டிகள்தாம் இருந்தன. நான் பேனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். புலமைப்பரிசில் புதுப்பிப்பு, விடுதி விண்ணப்பம் என்று அந்த நான்கு ஆண்டுகளில் இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதினேன் என்று இப்போது கணக்கில்லை.

இரண்டாவது, இறுதியாண்டு வாய்மொழிப் பரீட்சை. நீண்ட மேசைக்கு அப்பால் மூன்று பேர். இப்பால் தனியாக ஒரு கதிரை. கதவு என் முதுகுப் பக்கம். ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார். முகாமில் எங்கள் வீட்டாரை அப்படித்தான் இருத்தி விசாரித்தார்கள். ஆய்வைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. என் மேற்பார்வையாளர் எதையும் கேட்கவில்லை. எழுந்து, தன் கதிரையை மேசையின் ஓரத்துக்கு இழுத்துப்போட்டு, என் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, "முதல் அந்த வரைபடத்தைக் காட்டும், பிறகு கதைப்பம்" என்றார். கதவும் என் கண்ணில் படும்படி கதிரையைத் திருப்பிக்கொள்ளச் சொன்னார். அதன்பின் இருபது நிமிடம் பேசினேன். அவருக்கு என் கதை எதுவும் தெரியாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்த மாணவியைப் பற்றி ஒன்று மட்டும். எங்களில் பலர் வீட்டில் இதைப் பேசுவதில்லை. அம்மாவுக்காக நாங்களும், எங்களுக்காக அம்மாவும் மௌனமாக இருக்கிறோம். அவர் அந்த வாளியைப் பற்றி எழுதியதே பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது.

செம்மண் எழுதியது:

வரவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் பீடத்தில் மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் விலக்கு இல்லை என்றுதான் பல ஆண்டுகள் இருந்தது. விளைவாக, பிள்ளைகள் வயிற்றுக் குத்து என்று பொய்ச் சான்றிதழ் எடுத்தார்கள். அரச மருத்துவமனையின் உளநலப் பிரிவில் சான்றிதழ் எடுத்தால் கலியாணப் பேச்சு வரை அது தொடரும் என்ற பயம் அவர்களுக்கு. இப்போது மாணவ ஆலோசகர், பாடப் பொறுப்பாளர் இருவரும் ஒரு கடிதத்தில் கையொப்பமிட்டு "ஏற்கத்தக்க தனிப்பட்ட காரணம்" என்று பீடச் சபைக்கு அனுப்பலாம். காரணம் இன்னதென்று எழுத வேண்டியதில்லை. இதற்குப் பீடாதிபதியின் மனம்தான் வேண்டும், புதிய விதி வேண்டியதில்லை. பரீட்சைக்குப் பின் கொண்டுபோனால் எடுபடாது, முன்னரே கொண்டுபோங்கள். உளவளத்துணையாளரிடம் போனால்தான் விலக்கு என்று மட்டும் நிபந்தனை வைக்காதீர்கள்.

தென்னோலை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கனகராயன், உங்கள் பதிலை எங்கள் திணைக்களக் கூட்டத்தில் பெயரின்றி வாசிக்க அனுமதி கேட்கிறேன்; விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று ஒரு சொல் போதும்.

வாவிக்கரை கேட்டதற்குப் பதில்: காலவரிசைக்கு 30 புள்ளிகள் வைத்திருந்தேன். அந்தத் திட்டத்தை எழுதியவளும் நான்தான். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தபோது 1995ஐப் பற்றி எழுதப்பட்ட ஓர் ஒப்படையை மாதிரியாக வைத்தே அதை வகுத்திருந்தது தெரிந்தது. இப்போது அந்த 30 புள்ளிகளைச் சான்றைக் கையாளும் முறைக்கு மாற்றி, சொல்லப்படாத இடத்தை மாணவர் எப்படிக் குறிக்கிறார் என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன். பழைய பரீட்சகர் ஐயாவின் கவலைக்காக இடப்பெயர்வுத் தலைப்பையும் வைத்திருக்கிறேன்; ஆனால் அது ஐந்தில் ஒன்று. குடும்பத்தாரை நேர்காண வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டேன். 120 ஒப்படைகளையும் புதிய திட்டத்தின்படி மறுபடி திருத்துகிறேன், ஒருவருக்கு மட்டும் செய்தால் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால்.

நேற்று அவர் வந்தார். நான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்த மூன்று வாக்கியங்களையும் சொன்னேன். இரண்டாவதில் குரல் தடுமாறிவிட்டது. அவர் தலையாட்டினார். பிறகு, முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றதைப் பற்றி எழுதலாமா, அதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை, தனக்கே நினைவிருக்கிறது என்றார். எழுதலாம் என்றேன். பச்சை வாளியையும் அதற்குள் கொண்டுவரலாமா என்று கேட்டார்.

பீடச் சபை வியாழக்கிழமை கூடுகிறது. செம்மண், அந்தக் கடிதத்தின் வாசகத்தை, பெயர்களை நீக்கிவிட்டு, இங்கே இட முடியுமா?